அளவு நோட்டில் ஒரு வட்டம்

என் சித்திக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது, அளவு நிற்கும். தெருவில் யாராவது கையசைத்துவிட்டுப் போனால், "யாரு சித்தி அது?" என்று கேட்பேன். "கால் நீளம் முப்பத்தொண்ணு, வலது தோள் கொஞ்சம் இறக்கம்" என்பாள். அவ்வளவுதான் அறிமுகம்.

அந்த வெளிநாட்டு ஊரில் அவளுடைய ஆல்டரேஷன் கடை, சலவைக் கடைக்கும் சாவி வெட்டித் தருகிற கடைக்கும் நடுவில், ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். வாசல் பக்கம் ஆளுயரக் கண்ணாடி. உள்ளே இரண்டு மெஷின். சுவரோடு ஒரு கம்பி, அதில் பேண்ட்டும் கோட்டும் பாவாடையுமாக ஐம்பது அறுபது உருப்படி. ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்திய ஒரு சீட்டு. அதில் தமிழில் சித்தியின் கையெழுத்து. "பெல்ட்டுக்கு மேல் வயிறு." "ஒரு கால் குட்டை, சொன்னால் கோபம் வரும்." வாடிக்கையாளர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது அந்தத் தொழிலுக்கே ஒரு பாதுகாப்பு. ஒரே ஒருமுறை தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து, தன் பேண்ட்டில் இருந்த "பின்பக்கம் ரொம்பத் தாராளம்" என்ற சீட்டை நின்று நிதானமாகப் படித்தார். சித்தி அசரவில்லை. "உங்களைச் சொல்லலைங்க, துணியைச் சொன்னேன்" என்றாள்.

மெஷினுக்குப் பக்கத்து இழுப்பறையில் ஒரு அளவு நோட்டு உண்டு. கெட்டி அட்டை, முதுகில் இரண்டு தடவை ஒட்டுப் போட்டது. அதன் முதல் பக்கம் சித்தப்பாவுக்கு. கல்யாணமான வருஷம் தைத்த முதல் சட்டையிலிருந்து ஆரம்பித்து, இருபத்தாறு வருஷத்து இடுப்பும் மார்பும் கைநீளமும் அதில் வரிசையாக இருக்கும். இடுப்பு இருபத்தெட்டில் தொடங்கி முப்பத்தாறில் வந்து நிற்கிறது. பக்கம் நிரம்பியதும் காகிதம் ஒட்டி நீட்டியிருக்கிறாள். அவரைப் பற்றி அவள் வாயால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டக் கூடாது.

சித்தப்பா நகரத்துப் பூங்கா இலாகாவில் புல் வெட்டுகிறவர். காட்டை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. அதன் இரண்டு பக்கமும் முழங்கால் உயரம் வளரும் புல் அவருடைய பொறுப்பு. மெஷினைத் தோளில் மாட்டி, இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து மத்தியானம் வரை இடவலமாக வீசிக்கொண்டே போவார். வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் "ஒண்ணுமில்ல". எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கல் தெறித்துக் கால் விரல் நகம் கறுத்துப்போன அன்றைக்கும் ஒண்ணுமில்ல. குளிர்காலத்தில் ஹீட்டர் நின்று மூன்று நாள் எல்லோரும் கோட்டோடு படுத்தபோதும் ஒண்ணுமில்ல. "இந்த மனுஷன் செத்தாக்கூட எழுந்து உக்காந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுதான் படுப்பாரு" என்று சித்தி சொல்வாள்.

நான் அப்போது வேலைக்கென்று அந்த ஊருக்கு வந்து, அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். கடிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுகிற அலுவலகம். சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் மாற்றுவதுதான் எனக்குச் சம்பளம் தருகிற காரியம். அந்தப் பழக்கம் ஒருநாள் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இனிமேல் சொல்கிறேன்.

அந்தக் கோடையில் சித்தி அவருக்கு வேலைக்கென்று இரண்டு பேண்ட் தைத்தாள். இலாகா கொடுத்தது குனிந்தால் பிடித்தது, நிமிர்ந்தால் நழுவியது. இவள் தைத்ததில் இடுப்பில் அகல எலாஸ்டிக். "கட்டினது தெரியக் கூடாது, கழன்றும் போகக் கூடாது. இதுதான் தொழில்" என்று எனக்கு ஒரு பாடமும் நடத்தினாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். குளித்துவிட்டு வந்து சித்தப்பா சட்டையை மாட்டக் கையைத் தூக்கினார். இடது இடுப்பில், பின்பக்கமாக, கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டத் தடம். அவர் கண்ணுக்கு எட்டாத இடம்.

"என்னங்க இது?"

"எது?"

"இடுப்புல."

"ஒண்ணுமில்ல."

"நீங்க பாக்கவேயில்லையே!"

"நீ பாத்துட்ட இல்ல. போதும்."

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. நோய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் எலாஸ்டிக் இறுக்கிவிட்டது என்று நினைத்தாள். இருபத்தாறு வருஷமாக அளந்த இடுப்பில், தன் தையல் தடம் போட்டுவிட்டதே என்ற அவமானம் அவளுக்கு. அன்றைக்கே பிரித்து அரை இஞ்ச் தளர்த்தினாள். மூன்று நாள் கழித்துத் தடம் ஜாம் பாட்டில் மூடி அளவுக்கு ஆகியிருந்தது. மறுபடி பிரித்தாள். அடுத்த வாரம் இன்னொரு தடவை. நான்காம் தடவை பிரிப்பதற்குள் சித்தப்பா வேலை இடத்தில், மேஸ்திரி முன்னால், இரண்டு கையிலும் மெஷினைப் பிடித்திருந்த நேரம் பார்த்து, பேண்ட் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"மெஷினை விட்டா கால் போயிடும், விடலைன்னா மானம் போயிடும். என்ன பண்ண?" என்று சாயங்காலம் சொல்லிச் சிரித்தார்.

"என்ன பண்ணீங்க?"

"மேஸ்திரி வந்து தூக்கிவிட்டாரு."

அவரும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பேண்ட்டை மேஜையில் விரித்து, எலாஸ்டிக் வந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சித்தப்பாவைத் திரும்பி நிற்கச் சொல்லி, சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, இங்க வா. எலாஸ்டிக் இறுக்கினா கோடுதானே விழணும்? வட்டம் ஏன் விழுது?"

தடம் எலாஸ்டிக் வருகிற இடத்துக்கு மேலேயும் கீழேயும் விரிந்திருந்தது. நடுவில் கொஞ்சம் தெளிந்து, ஓரம் மட்டும் கறுத்து இருந்தது. சித்தப்பா நல்ல கறுப்பு. அந்த உடம்பில் அது சிவப்பாகத் தெரியவில்லை. நாள்பட்ட காயத்தின் கன்றிய நிறம். வலி இல்லை, அரிப்பு இல்லை. சித்தி பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஓரத்தைச் சுற்றி மெல்லக் கோடு போட்டாள். மறுநாள் காலையில் தடம் கோட்டைத் தாண்டியிருந்தது. கடைக்குப் போனதும் அளவு நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, புதிதாக ஒரு வரி: "வட்டம்: மூணேகால்." தேதியும் போட்டாள்.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குக் குளிர் நடுக்கம். கோடையில் இரண்டு போர்வை. கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. "ஒண்ணுமில்ல, காத்து பட்டிருக்கும்."

நான் போனில் தேட ஆரம்பித்தேன். எனக்கு எது வந்தாலும் மருந்துக்கு முன்னால் அதனால் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்றுதான் தேடுவேன். அது என் சுபாவம். உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் என்று ஒன்று வந்து நின்றது. காட்டோரப் புல்லில் இருக்கும் உண்ணி, அது உடம்புக்குள் விடுகிற பாக்டீரியா, வட்டமாக விரியும் தடம். படங்கள் இருபது முப்பது பார்த்தேன். எல்லாமே வெளுத்த தோலில் செக்கச்செவேலென்ற வளையம். சித்தப்பாவின் இடுப்பில் இருந்தது அதைப் போலவே இல்லை. பாதி பயம், பாதி ஆறுதலோடு அவரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சித்திக்கு அன்று கடையில் மணப்பெண்ணின் கவுன் ஒன்றை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது, வர முடியவில்லை.

டாக்டர் இளைஞர், நல்ல மனிதர். ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம்தான் அவரிடம் இருந்தது. சுவரில் அதே படங்கள், அதே சிவப்பு வளையம். அவர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், சித்தப்பா பதில் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன்.

காய்ச்சல் உண்டா? "ஒண்ணுமில்ல, லேசா."

கழுத்து வலி? "ஒண்ணுமில்ல."

அசதி? "ஒண்ணுமில்லங்க, வேலைக்குப் போயிட்டுதான் இருக்கேன்."

மூன்றையும் இலக்கணம் பிசகாமல் மாற்றிக் கொடுத்தேன். முந்தின ராத்திரி அவர் போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். புல் மெஷினின் பட்டை உராய்ந்து கன்றியிருக்கும், பட்டைக்கு அடியில் துணி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நான் கெஞ்சிக் கேட்டதால் ரத்தம் எடுத்து அனுப்பினார். இரண்டு நாளில் முடிவு வந்தது: நோய் இல்லை.

"பாத்தியா?" என்றார் சித்தப்பா. அவருக்கு உலகமே அவர் பக்கம் வந்துவிட்ட சந்தோஷம். எனக்கும்தான்.

சித்தி அவர் சட்டையைத் தூக்கி டேப்பை வைத்தாள். நோட்டை எடுத்து, "வட்டம்: நாலரை" என்று எழுதினாள்.

"ரத்தத்துல இல்லன்னு வந்துருச்சே சித்தி!"

"ரத்தம் எனக்குத் தெரியாது. டேப் எனக்குத் தெரியும். உராஞ்ச தடம் ஆறும், இல்ல அங்கேயே நிக்கும். நடந்து போகுமா?"

 ஆனால் என்னிடம் பரிசோதனை முடிவு இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். அப்படியே ஒரு வாரம் போயிற்று. சித்தியின் வரிகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. ஐந்து. ஐந்தேமுக்கால்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. சித்தப்பா வாய் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொப்பளித்த தண்ணீர் வாயோரம் வழிந்து, சட்டையின் வலது தோளில் ஈரம். நான் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். சித்தி டீ டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றாள். கடைக் கண்ணாடி முன்னால் நிற்கிற வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"வலது பக்கம் அரை இஞ்ச் இறங்கியிருக்கு."

"எது சித்தி?"

"சிரிப்பு."

எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னாள். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடச் சொன்னாள். இடது கண் மூடியது. வலது கண் பாதியில் நின்று, வெள்ளை விழி தெரிந்தது. அது எனக்குத் தெரிந்தது.  பக்கவாதம் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"வாயை மூடுங்க. அதுவும் ஒரு பக்கம்தான் மூடும்" என்றாள் சித்தி. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். டாக்சி வருவதற்குள் கடைக்குப் போய் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்க வைக்கவில்லை. நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா வந்தார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், பேசச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது நெற்றியில் மட்டும் சுருக்கம் விழுந்தது. வலது நெற்றி இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மூளையில் வருகிற வாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிக்கும், இது முகத்து நரம்பு என்றார். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். காட்டோரம் புல் வெட்டுகிறார் என்றேன்.

"காய்ச்சல் இருந்ததா?"

சித்தப்பா வாயைத் திறந்தார். இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. கோடையில் இரண்டு போர்வை, திரும்பாத கழுத்து, வேலையிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போகிற அசதி எல்லாவற்றையும் நானே சொன்னேன். "என்னம்மா நீளமா சொல்ற? நான் இன்னும் பேசவே இல்லையே" என்றார் சித்தப்பா.

சித்தி நோட்டை மேஜைமேல் விரித்து வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பக்கத்தை அவள் வேறு ஒருவருக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எண்ணும் தேதியும் புரிந்தது. விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். நான் இஞ்சைச் சென்டிமீட்டராக்கிச் சொன்னேன். சட்டையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, பழைய பேனாக்கோடுகளையும் அதைத் தாண்டிப் போயிருந்த தடத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"என் சித்தி. தையல்காரங்க."

"எனக்கு இதுக்கு மேல எதுவும் வேண்டாம். லைம் நோய்தான். இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

"அப்ப ரத்தத்துல ஏன் இல்லன்னு வந்தது?" என்று சித்தி கேட்டாள். நான் மாற்றிச் சொன்னேன்.

அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை என்றார் டாக்டரம்மா. கிருமியோடு உடம்பு சண்டையைத் தொடங்கிவிட்டதா என்று தேடுகிறது, அதற்குச் சில வாரம் ஆகும். முதல் வாரங்களில் இல்லை என்று வந்தாலும் விரிகிற வட்டம் இருந்தால் வட்டத்தைத்தான் நம்ப வேண்டும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமல் போய், நாள் தவறிவிடுவது உண்டு.

சித்தி தலையாட்டினாள். "கருநீலத் துணியில சிவப்பு நூல் ஓட்டினா வெளிச்சத்துல பிடிச்சுத்தான் பாக்கணும்" என்றாள். அதையும் மாற்றிச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

உண்ணி எள் அளவுக்குத்தான் இருக்கும், கடித்தது தெரியாது, பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உள்ளே இறங்கும் என்றும் சொன்னார். எண்ணெய் ஊற்றக் கூடாது, சூடு வைக்கக் கூடாது. மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். "ஊசி குத்தியாச்சு, நூல் இன்னும் ஏறலை. அதுக்குள்ள எடுத்துடணும். அதானே?" என்றாள் சித்தி. அதேதான்.

பிறகு இதயத்துக்கு ஒரு படம் எடுத்தார்கள். இந்தக் கிருமி அங்கேயும் போய் உட்காருமாம். அந்த இருபது நிமிஷம் நடைக்கூடத்து நாற்காலியில் சித்தி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எலாஸ்டிக்கைப் பிரிச்சுட்டு இருந்தேன்" என்றாள் திடீரென்று. "ஒரு வாரத்துக்கு மேல. என் தையல்தான் தப்புன்னு."

"நான் ஒண்ணுமில்லன்னு சொன்னதை அப்படியே டாக்டர்கிட்ட சொன்னேன் சித்தி."

 அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது.

இதயத்தில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை அதைச் சொன்னது டாக்டரம்மா என்பதால் நம்பினோம்.

மூன்று வாரத்துக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, காலையும் மாலையும். விழுங்கியதும் படுக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. சித்தப்பாவுக்கு விடுப்பு. ஆனாலும் அவர் வாசலில் போய் நிற்பார் என்று தெரிந்து, தொப்பிக்குப் பின்னால் கழுத்தை மூடுகிற மாதிரி ஒரு துணியை வைத்துத் தைத்தாள் சித்தி. மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து. தூங்கும்போது கட்டிக்கொள்ள, கோட்டு உள்துணியில் மெத்தென்று ஒரு மறைப்பு. "கடல்கொள்ளைக்காரன் மாதிரி இருக்கேனா டெய்லரம்மா?" என்று கேட்டார். "அவனுங்க சம்பாதிச்சானுங்க" என்றாள்.

வட்டம் ஒரே வாரத்தில் மங்கியது. முகம்தான் நேரம் எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் கடை திறந்ததும் ஆளுயரக் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்துவாள். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் பேனா.

"சிரிங்க."

"சும்மா எப்படிச் சிரிக்கறது? ஏதாவது சொல்லு."

அங்கேதான் சிக்கல். சித்தி ஆட்களைக் கேலி செய்வாளே தவிர, அவரைச் சிரிக்க வைக்கவென்று உட்கார்ந்து எதுவும் சொன்னவளில்லை. முதல் நாள் யோசித்து யோசித்து, "உங்க பேண்ட் அவிழ்ந்துச்சே..." என்றாள். அவர் சிரித்தார். அளந்தாள். மறுநாள் அதே பேண்ட். மூன்றாம் நாள் அவர், "கதையை மாத்தும்மா, அந்தப் பேண்ட்டே தேஞ்சுபோச்சு" என்றார். அப்புறம் சீட்டுகளை எடுத்துப் படித்துக்காட்ட ஆரம்பித்தாள். கம்பியில் தொங்கிய அத்தனை பேரும், தங்களுக்கே தெரியாமல், அந்த வைத்தியத்துக்கு உதவினார்கள். நோட்டில், வட்டத்துக்குக் கீழே, இன்னொரு வரிசை வளர்ந்தது. "சிரிப்பு: வலது அரை இறக்கம்." "சிரிப்பு: கால்." "சிரிப்பு: அரைக்கால்." ஏழாவது வாரம் ஒருநாள் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "சிரிப்பு: சமம்" என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். போட்டவள் உடனே திரும்பி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். மெஷினில் துணியே இல்லை.

வேலைக்குத் திரும்புகிறதற்கு முன்னால் அந்தப் பேண்ட்டை எடுத்தாள். மூன்று தடவை தளர்த்திய எலாஸ்டிக்கை மறுபடி முதல் அளவுக்கே கொண்டுவந்தாள். "என் தையல்ல ஒரு தப்பும் இல்ல, கேட்டுக்கங்க" என்று கடையில் இருந்த எல்லாருக்கும், அதாவது எனக்கு, அறிவித்தாள். கால் நுனியில் புதிதாக ஒரு பட்டி, காலுறைக்குள் செருகிக்கொள்ள. வெளிர் நிறத் துணியில் இன்னொன்றும் தைத்தாள், உண்ணி ஏறினால் கண்ணில் படும் என்று. வேலையிலிருந்து வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பில், காதுக்குப் பின்னால் என்று தலையிலிருந்து கால் வரை அவளே பார்ப்பதாக ஏற்பாடு.

சித்தப்பா பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார். மெஷினை வீசுகிற மாதிரி இடவலமாகத் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு தயக்கம்.

"என்னங்க?" என்றாள் சித்தி.

அந்தப் பழைய வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிக்கொண்டார்.

"இடுப்புல கொஞ்சம் பிடிக்குது" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் தைத்த துணியைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை. சித்தி எழுந்து போய், அவரைத் திருப்பி நிறுத்தி, சட்டையைத் தூக்கி, இடுப்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம்தான் எலாஸ்டிக்கைப் பார்த்தாள்.

"கால் இஞ்ச்" என்றாள், பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு. "கழட்டிக் கொடுங்க."